குரல் கம்மிய பருவம்

இரண்டாயிரத்து ஒன்பது ஆகஸ்டில் என் குரல் கம்மத் தொடங்கியது. அப்போது நான் கடலூரில் ஒரு கத்தோலிக்கக் கல்லூரியில் இறையியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். கலை அறிவியல் கல்லூரிதான். இயற்பியலும் வணிகவியலும் கணிதமும் படிக்க வந்த பிள்ளைகள். ஆனால் கத்தோலிக்க மாணவர்களுக்கு வாரத்தில் மூன்று நாள் முதல் மணி நேரம் மறைக்கல்வி உண்டு. மற்றவர்களுக்கு அதே நேரத்தில் நன்னெறி வகுப்பு நடக்கும். கால அட்டவணையில் மறைக்கல்வி என்றுதான் போட்டிருப்பார்கள். நான் மட்டும் அதை இறையியல் என்பேன். குருமடத்தில் படித்த காலத்திலிருந்து எனக்கு இருந்த ஒரே ஆசை அது.

பங்குக் கோவில்களில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, மேற்படிப்பு முடித்துத் திரும்பியதும், 2004 ஜூனில் ஆயர் என்னைக் கல்லூரிக்கு அனுப்பினார். வந்த ஆறாம் மாதம் சுனாமி. வகுப்பில் மூன்று பெஞ்சுப் பிள்ளைகள் கடற்கரைக் குப்பங்களிலிருந்து வருபவர்கள். அதற்குப் பிறகு அந்த அறையில் கடவுளைப் பற்றிப் பேச எனக்குப் பயமாக இருந்தது. பயந்ததால்தானோ என்னவோ, ஜாஸ்தியாகப் பேச ஆரம்பித்தேன். எண்பது பேர் உட்காரும் கூடம், மேலே கடகடவென்று நான்கு மின்விசிறிகள், ஜன்னலுக்கு வெளியே பேருந்துகளின் ஹாரன். மைக் வைத்துக்கொண்டதே இல்லை. என் குரல் கடைசி பெஞ்சையும் தாண்டி வராந்தா வரை கேட்கும் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. பாட்டுத் திருப்பலி என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

கம்மல் வந்தபோது சளி என்று நினைத்தேன். வெந்நீர், உப்பு, மிளகு, பனங்கற்கண்டு. செப்டம்பர் முழுக்க அப்படியே போயிற்று. காலையில் எழுந்ததும் குளியலறையில் நின்று 'ஆ' என்று சொல்லிப் பார்ப்பேன். தகரத்தைத் தேய்த்த மாதிரி ஒரு சத்தம் வரும். மத்தியானத்துக்குள் சரியாகிவிடும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொள்வேன். சரியாகாது.

அக்டோபரில் ஒரு நாள் வகுப்பு முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு ஒரு மாணவி மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். மூன்றாம் ஆண்டு கணிதம். இரண்டாவது வரிசையில் உட்காருவாள், அதிகம் பேசமாட்டாள்.

"ஃபாதர், டாக்டர் கிட்ட காட்டுனீங்களா?"

"சளிம்மா. போயிடும்."

அவள் பையின் வாரைச் சுற்றிச் சுற்றி விரலில் முறுக்கினாள். "எங்க அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. நாங்க இருமல் மருந்து வாங்கிக் குடுத்துக்கிட்டே இருந்தோம்."

அவள் அப்பா இறந்து இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகிறது என்பது எனக்குத் தெரியும். கல்லூரியில் சேர்ந்தபோது விண்ணப்பத்தில் 'காலமானார்' என்று எழுதியிருந்தாள். எதனால் என்று நான் கேட்டதில்லை. அன்றும் கேட்கவில்லை. கேட்கத் தேவை இருக்கவில்லை. "போய்க் காட்டுங்க ஃபாதர்" என்று சொல்லிவிட்டு அடுத்த வகுப்புக்கு ஓடினாள். நான் அந்தக் காலி அறையில் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே நின்றேன். ஏற்கெனவே துடைத்த பலகை.

கடலூரில் காட்டினால் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். அதனால் சிதம்பரம் போனேன். அங்கே என் அக்கா இருக்கிறார். அக்கா கணவரை நான் மாமா என்பேன்; பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். இரைச்சலிலேயே வேலை பார்த்தவர் என்பதால் வீட்டிலும் கத்தித்தான் பேசுவார். எனக்குக் குருப்பட்டம் ஆகும்வரை என்னை 'மச்சான்' என்றவர், பட்டம் ஆன மறுநாளிலிருந்து 'சாமி' என்று மாற்றிக்கொண்டார். அக்காவும் வெளியாட்கள் முன்னால் சாமி என்பார், வீட்டுக்குள் தம்பி.

மருத்துவமனைக்கு அக்கா என்னோடு வந்தார். காது மூக்கு தொண்டைப் பிரிவில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் மருத்துவர். வார்த்தைகளை வீணாக்காதவர். மூக்கு வழியாக மெல்லிய குழாய் ஒன்றை விட்டு, "ஈ சொல்லுங்க. இன்னும் சொல்லுங்க" என்றார். பிறகு கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "எடது பக்கம் குரல்நாணில ஒரு வளர்ச்சி இருக்கு. அதுக்கு மேல வெள்ளையா ஒரு திட்டு. பார்த்து மட்டும் எதுவும் சொல்ல முடியாது. எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பணும்."

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"டீச்சிங்."

"சாமியாரு" என்றார் அக்கா. "காலேஜ்ல பாடம் நடத்துறாரு."

மருத்துவர் எழுதிக்கொண்டே கேட்டார். "சிகரெட் உண்டா?"

"இல்ல."

யோசிக்காமல் வந்துவிட்டது. உண்மை வேறு. ஸ்ரீமுஷ்ணம் பக்கம் ஒரு சிறு பங்கில் இளம் குருவாக இருந்தபோது ஆறு வருடம் புகைத்தேன். சாயங்காலம் ஜெபம் முடிந்தபின் பேச ஆளில்லாத வீடு அது. கொல்லைப்புறக் கிணற்றடியில் நின்று ஒன்று, பிறகு இரண்டு, பிறகு ஒரு பாக்கெட். மேற்படிப்புக்குப் போகும்போது விட்டேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். பக்கத்தில் அக்கா உட்கார்ந்திருக்கிறார், எதிரில் மருத்துவர். என்னைச் சாமியார் என்று இப்போதுதான் அக்கா சொல்லியிருக்கிறார். 'இல்ல.' மருத்துவர் அதையும் எழுதிக்கொண்டார். அக்கா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

அறுவை சிகிச்சைக்கு மூன்று வாரம் கழித்து நாள் குறித்தார்கள். அந்த மூன்று வாரம்தான் என் வாழ்க்கையிலேயே மோசமான காலம். நோயைப் பற்றிய பயம் ஒரு பக்கம். அந்தப் பொய் இன்னொரு பக்கம். என் பொய்யை நம்பி அவர் வேறு மாதிரி முடிவெடுத்தால்? திட்டு வெள்ளையாக இருப்பது புகையினால் என்றால், அதை அவரிடம் மறைத்த நான் என்ன ஆசிரியன்? அந்தப் பருவத்தில் பாடம் அருளடையாளங்கள். ஒப்புரவு அருளடையாளத்தைப் பற்றி, அதாவது பாவசங்கீர்த்தனத்தைப் பற்றி, நடத்த வேண்டிய வாரம் அது. பாவத்தை முழுமையாக, மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று கரகரத்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லும்போது இரண்டாவது வரிசையைப் பார்க்கவில்லை.

கல்லூரி முதல்வரும் ஒரு குருதான். என் வயதுக்காரர், நல்லவர். விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் மேசையில் இருந்த பேப்பர் வெயிட்டை உருட்டினார்.

"ஆயருக்குச் சொல்லிட்டீங்களாம்ல ஃபாதர்?"

"சொல்லிட்டேன்."

"எங்கிட்டயும் பேசினாரு. டெஸ்ட்டு நல்லபடியா வந்தாலும், இனிமே தொண்டையைப் போட்டு இப்படி வருத்தணுமான்னு கேட்டாரு. ஆயர் இல்லத்துல ஆவணக் காப்பகம் காலியா இருக்காம்."

நல்லெண்ணத்தில் சொன்னதுதான். செத்துப்போவதைப் பற்றி அதுவரை பயந்துகொண்டிருந்தேன். இப்போது பிழைத்துக்கொண்டு பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பதைப் பற்றிப் பயந்தேன். எது பெரிய பயம் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால், வெட்கத்தோடுதான் பதில் சொல்லியிருப்பேன்.

நவம்பரில் சிதம்பரம் போய்ப் படுத்தேன். அறுவை சிகிச்சைக்கு முன்னால் மருத்துவர் வந்து நின்றபோது, முன்தினமே எழுதி மடித்து வைத்திருந்த காகிதத்தை நீட்டினேன். அப்போது என்னால் பேச முடியும். ஆனாலும் வாயால் சொல்லத் துணிச்சல் வரவில்லை. 'ஆறு வருடம் புகைத்தேன். விட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. அன்று பொய் சொன்னேன்' என்று எழுதியிருந்தேன்.

அவர் படித்துவிட்டுக் காகிதத்தைக் கோப்புக்குள் வைத்தார். "மொத தடவை எல்லாரும் இல்லைன்னுதான் சொல்லுவாங்க. கோப்புல அன்னைக்கே ஒரு கேள்விக்குறி போட்டு வெச்சிருந்தேன்" என்றார்.

அவர் போனதும் அக்கா கட்டிலின் காலடியில் போர்வையை இழுத்துச் சரிசெய்துகொண்டே சொன்னார்: "நீ ஸ்ரீமுஷ்ணத்துல இருந்தப்ப லீவுக்கு வருவியே, உன் சட்டையெல்லாம் யாரு தொவைச்சது?"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"அம்மாகிட்ட சொல்லல. அதுக்கு மேல என்ன பண்ணணும் நான்?"

சிகிச்சை ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கண் விழித்ததும் மருத்துவர் என் முகத்துக்கு நேரே குனிந்து நிதானமாகச் சொன்னார்: "பத்து நாள் பேசக் கூடாது. ஒரு வார்த்தை கூட. கிசுகிசுன்னும் பேசக் கூடாது, அது இன்னும் கெடுதல். தொண்டையைச் செருமக் கூடாது. பேசினா ஆறுற எடம் கிழியும். அப்புறம் இருக்குற கொரலும் போயிடும். ரிசல்ட்டு வர ஒரு வாரத்துக்கு மேல ஆகும்."

நான் தலையாட்டினேன்.

முதல் மூன்று நாள் அக்கா வீட்டில் இருந்தேன். தெரிந்தவர்கள் பார்க்க வந்தார்கள். பேச முடியாதவன் முன்னால் உட்கார்ந்தால் யாரும் பேச்சை நிறுத்தமாட்டார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. தொண்டையில் கட்டி வந்த தங்கள் சொந்தக்காரர்கள் எல்லாரைப் பற்றியும் சொன்னார்கள். எப்படி முடிந்தது என்பதையும் சொன்னார்கள். நான்காம் நாள் காலை மாமாவிடம் எழுதிக் காட்டிவிட்டுக் கடலூர் பேருந்தில் ஏறினேன். புதுச்சத்திரம் தாண்டும்போது பக்கத்து இருக்கைக்காரர் எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். நான் தொண்டையைக் காட்டிக் கையை விரித்தேன். பிறவியிலேயே ஊமை என்று நினைத்திருப்பார். எழுந்து எனக்கு ஜன்னலோரத்தைக் கொடுத்தார்.

கல்லூரியில் குருக்கள் தங்கும் வீட்டில் என் அறையில் இருந்தேன். திருப்பலியை உதட்டசைத்துச் செய்ய முடியாது. அதனால் மற்றவர்கள் நிறைவேற்றும்போது கடைசி வரிசையில் மக்களோடு நின்றேன். பதினாறு ஆண்டுகளில் முதல்முறை. எல்லாரும் சேர்ந்து மறுமொழி சொல்லும்போது என் வாய் தானாகத் திறக்கும். கையால் பொத்திக்கொள்வேன்.

ஆறாம் நாள் மத்தியானம் மூன்று மணி இருக்கும். முதல்வர் என் கதவைத் தட்டினார். அவர் பின்னால் கல்லூரி அலுவலகக் கண்காணிப்பாளரின் மனைவி நின்றார்.

அந்தக் கண்காணிப்பாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போது அவருக்கு ஐம்பத்தாறு வயது. கத்தோலிக்கர், ஆனால் இருபது ஆண்டுகளாகக் கோவில் வாசல் மிதிக்காதவர். அவருடைய அம்மாவின் அடக்கத்துக்கு அந்த ஊர்ப் பங்குத்தந்தை இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தாராம். சித்திரை வெயிலில் பெட்டியைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார்கள். வந்தவர் மன்னிப்பும் கேட்கவில்லை. தினமும் பதினோரு மணிக்கு டீ குடிக்கும்போது என்னிடம் அதைச் சொல்வார். "ஒங்க ஆளுங்க ஃபாதர்" என்றுதான் ஆரம்பிப்பார். நான் திருச்சபையைக் காப்பாற்ற முயல்வேன். அவர் பிஸ்கட்டை டீயில் முக்கிக்கொண்டே என் வாதங்களை உடைப்பார். வகுப்பை விட அந்த டீ நேரத்துக்கு நான் ஜாஸ்தி தயார் செய்ததுண்டு.

"நேத்து ஆபீஸ்லயே நெஞ்சு வலி வந்து விழுந்துட்டாரு" என்றார் முதல்வர். "மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரியில சேத்திருக்கு. இன்னிக்குக் காலையில மறுபடி வந்துடுச்சாம்."

அந்த அம்மாள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "சாமியாரைக் கூப்பிடுன்னு அவரே சொல்றாரு ஃபாதர். இருபது வருஷமா அவரு வாயில அந்த வார்த்தை வரல."

"நான் வர்றேம்மா" என்றார் முதல்வர்.

"இல்லிங்க ஃபாதர். இவரத்தான் கேக்குறாரு. அவுங்களால பேச முடியாதுன்னு சொன்னேன். பரவால்ல, வந்து உக்காந்தா போதும்னு சொல்றாரு."

உட்கார்ந்தால் போதும் என்ற சொல்லை நம்பித்தான் கிளம்பினேன். நோயில்பூசுதலுக்கான எண்ணெயை எடுத்துக்கொண்டு முதல்வரும் உடன் வந்தார். வார்டு வாசலில் அவரை வெளியே நிற்கும்படி உள்ளேயிருந்து கண்காணிப்பாளர் கையைக் காட்டினார். கட்டிலைச் சுற்றித் துணித் திரையை இழுத்தார்கள். நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பாவசங்கீர்த்தனம் செய்யத் தொடங்கினார்.

அவர் சொன்னது அவரோடும் கடவுளோடும் இருக்கட்டும். நீளமாகச் சொன்னார். நடுவில் மூச்சு வாங்கினார். முடித்துவிட்டு என் வாயைப் பார்த்தார்.

மூன்று வாரம் முன்னால்தான் வகுப்பில் நடத்தியிருந்தேன்: மன்னிப்பின் சொற்களைக் குரு வாயால் சொல்ல வேண்டும். எழுதிக் காட்டியோ சைகை செய்தோ கொடுக்க முடியாது. என் குறிப்பேட்டில் அதன் கீழ் சிவப்பு மையில் கோடு இருக்கிறது. அதே பக்கத்தில் இன்னொன்றும் இருக்கிறது: சாகும் ஆபத்தில் ஒருவர் முழுமையாக மனம் வருந்தினாலே கடவுள் மன்னிக்கிறார். அதைப் பிடித்துக்கொண்டு நான் எழுந்து போயிருக்கலாம். முதல்வரை உள்ளே கூப்பிட்டு, அவரிடம் இன்னொரு முறை சொல்லும்படி கையைக் காட்டியிருக்கலாம். இரண்டையும் யோசித்தேன். யோசிக்கவில்லை என்று சொன்னால் அது இரண்டாவது பொய்யாகும். என் மணிக்கட்டில் அவர் விரல்கள் ஈரமாக இருந்தன. எனக்கு என் குரல்நாண்தான் நினைவில் இருந்தது. ஆறுகிற இடம் கிழியும் என்று அந்த மருத்துவர் சொன்னது திரும்பத் திரும்பக் கேட்டது. ஆவணக் காப்பகத்தின் கதவுகூடக் கண்ணில் தெரிந்தது.

"ஃபாதர்" என்றார் அவர்.

கையை அவர் தலைக்கு மேல் நீட்டிச் சொன்னேன். ஒரே மூச்சில் முடிகிற வாக்கியம். கிசுகிசுக்கக் கூடாது என்பதால் குரலை எடுத்தே சொன்னேன். வந்தது என் குரலே இல்லை. கிணற்றுச் சகடையில் கயிறு உரசுகிற மாதிரி இருந்தது. தந்தை, மகன் என்று சொல்லித் தூய ஆவியிடம் வரும்போது சத்தம் பாதியில் அறுந்து, மறுபடி பிடித்துக்கொண்டது. அந்தச் சொல்லை மட்டும் இரண்டு முறை சொன்னேன்.

அவர் "ஆமென்" என்றார். பிறகு கண்ணைத் திறந்து, "வலிக்குதா?" என்று கேட்டார்.

எண்ணெய் பூசுவதை முதல்வர் உள்ளே வந்து செய்தார். நான் வார்டின் கோடியில் இருந்த தொட்டிக்குப் போய்க் காறாமல் துப்பினேன். வாயில் உப்புக் கரித்தது. இரத்தம் என்று நினைத்தேன். இரத்தம் இல்லை. இரண்டு முறை துப்பிப் பார்த்தேன். முதல்வர் பின்னால் வந்து நின்றார். சட்டைப் பையிலிருந்த நோட்டில் எழுதினேன்: 'பேசிவிட்டேன்.'

"எவ்வளவு?"

'ஒரு வாக்கியம்.'

அவர் என் தோளில் கை வைத்தார். ஆட்டோ பிடித்துத் திரும்பினோம்.

அடுத்த மூன்று நாள் நான் எச்சில் விழுங்குவதைக்கூட எண்ணிக்கொண்டிருந்தேன். தொண்டையில் இடது பக்கம் முள் குத்துவது போல் ஒரு வலி. கிழிந்துவிட்டதா, ஆறுகிற வலியா என்று யாரைக் கேட்பது? சிதம்பரத்துக்கு எழுதிக் கேட்டால் மருத்துவர் கோபப்படுவார் என்று ஒரு பயம். அதற்கு மேல் முடிவு வேறு வர வேண்டும். செபமாலையை எடுத்தால் இரண்டாவது மணியிலேயே கணக்கு தப்பியது.

ஒன்பதாம் நாள் காலை பதினொன்றரைக்கு என் செல்போன் அடித்தது. மாமா. முடிவை வாங்கி வர அவரைத்தான் அனுப்பியிருந்தோம். எடுத்துக் காதில் வைத்தேன்.

"சாமி, நான்தான். பேசாதீங்க. கேக்குதுன்னா போனை ஒரு தட்டு தட்டுங்க."

தட்டினேன்.

"கவரைக் குடுத்துட்டாங்க. டாக்டரம்மா மத்தியானத்துக்கு மேலதான் வருவாங்களாம். இங்கிலீசுல இருக்கு. எனக்கு எழுத்துதான் தெரியும். ஒண்ணு ஒண்ணா சொல்லட்டா?"

தட்டினேன். பேனாவை எடுத்துக்கொண்டேன்.

அவர் தாளின் மேலிருந்து தொடங்கினார். என் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். வயதைச் சொன்னார். அடுத்த வரியில், "எஸ், யூ, எஸ், பி, ஐ" என்றார். அதற்கு மேல் அவர் சொல்லத் தேவையில்லை. சந்தேகம் என்ற சொல். என் பேனா நின்றுவிட்டது. மாமா நிறுத்தாமல் அதை முழுக்கச் சொல்லிவிட்டு, "கேக்குதா சாமி?" என்றார். நான் தட்டவில்லை.

"கேக்குதா?"

தட்டவில்லை.

"மச்சான்" என்றார் அவர். பதினாறு ஆண்டு கழித்து. "மச்சான், இருக்கியா? இருந்தா தட்டு."

தட்டினேன்.

"இது மேல இருக்குறது. ஆஸ்பத்திரிக்காரங்க எதுக்கு அனுப்புனாங்கன்னு எழுதியிருப்பாங்க. ஜாப் கார்டுல எழுதுவோம்ல, பிரேக் சந்தேகம்னு, அது மாதிரி. கீழ இன்னொண்ணு பெருசா போட்டிருக்கு. அத சொல்றேன்." காகிதம் சரசரத்தது. "என், ஓ. அப்புறம் இடம் விட்டிருக்கு. ஈ, வி, ஐ, டி, ஈ, என், சி, ஈ. இடம். ஓ, எஃப். இடம். எம், ஏ, எல், ஐ..."

நான் எழுதிக்கொண்டே வந்தேன். எழுதியதைப் பார்த்தேன். புற்றுக்கான சான்று இல்லை. அவர் இன்னும் ஜி, என், ஏ என்று போய்க்கொண்டிருந்தார். நான் போனைத் தட்டத் தொடங்கினேன். நிறுத்தாமல் தட்டினேன்.

"நல்லதா?"

தட்டினேன்.

"நல்லதுதான?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "சரி சாமி, வச்சிடுறேன். ஒங்க அக்காவுக்குச் சொல்லணும்" என்றார்.

பத்தாம் நாள் நேரில் போனேன். பேசியதை எழுதிக் காட்டினேன். இந்த முறை மடிக்காமலே நீட்டினேன். மருத்துவர் குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, "வீக்கம் இருக்கு. இன்னும் ஒரு வாரம் பேசாதீங்க" என்றார். பழைய குரல் வருமா என்று எழுதிக் கேட்டேன். "முழுசா வராது. அன்னைக்குப் பேசுனதாலயா, இல்ல எடுத்த எடம் அப்படியான்னு கேட்டா என்னால சொல்ல முடியாது" என்றார். கேட்கத்தான் நினைத்திருந்தேன். அதற்குமுன் அவரே சொல்லிவிட்டார்.

ஜனவரியில் வகுப்புக்குத் திரும்பினேன். சட்டையில் குத்திக்கொள்ளும் ஒரு சிறு மைக்கை முதல்வர் வாங்கி வைத்திருந்தார். ஆவணக் காப்பகத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. ஆயர் கல்லூரி விழாவுக்கு வந்தபோது, "எப்படி இருக்கு?" என்றார். "பேசுறேன்" என்றேன். "கேக்குது" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. இருந்தும் அந்த ஆண்டு மே மாதம் இடமாற்றப் பட்டியல் வரும்வரை எனக்கு நிம்மதி இல்லை. பட்டியலில் என் பெயர் இல்லை.

முதல் நாள் வகுப்பில் பத்து நிமிடத்துக்கு மேல் பேச முடியவில்லை. குரல் தடித்து, ஒரு பக்கம் சாய்ந்த மாதிரி வந்தது. கடைசி பெஞ்சில் யாரோ சிரிப்பை அடக்கியது தெரிந்தது. மீதி நேரத்துக்கு என்ன செய்வதென்று தெரியாமல், கேட்க நினைப்பதை எழுதித் தரச் சொன்னேன், பெயர் வேண்டாம் என்றேன். முப்பது சீட்டுகள் வந்தன. பாதிக்கு மேல் பரீட்சை பற்றியவை. ஒன்றில் இப்படி இருந்தது: 'உங்களுக்கு ஒன்றுமில்லை என்று கேட்டதும் சந்தோஷப்பட்டேன் ஃபாதர். அன்று வீட்டுக்குப் போன பிறகு கோபம் வந்தது. எங்களுக்கு ஏன் அப்படி வரவில்லை என்று கோபம். உங்கள் மேலும்தான். இது பாவமா?'

பெயர் இல்லை. கையெழுத்து எனக்குத் தெரியும்.

முன்பென்றால் இதற்கு நாற்பது நிமிடம் பேசியிருப்பேன். யோபுவிலிருந்து தொடங்கியிருப்பேன். அன்று சீட்டைச் சத்தமாகப் படிக்கவில்லை. மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "ஒருத்தர் இது பாவமான்னு கேட்டிருக்கீங்க. இல்ல. பாவம் இல்ல" என்றேன். மைக்கில் கொஞ்சம் கரகரத்தது. அவள் தலை குனிந்து நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். போதுமான பதிலா என்று எனக்கு இன்றும் தெரியாது. மே மாதம் சான்றிதழ் வாங்க வந்தபோது பண்ருட்டியில் ஒரு பள்ளியில் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னாள். அப்பாவுக்காக ஒரு திருப்பலி வைக்க முடியுமா என்று கேட்டாள். "பாட்டு இருக்காதும்மா, பரவால்லயா?" என்றேன். "அப்பாவுக்குப் பாட்டு புடிக்காது ஃபாதர்" என்றாள்.

கண்காணிப்பாளர் பிழைத்துக்கொண்டார். பிப்ரவரி கடைசியில் வேலைக்கு வந்தார். நான் பதினோரு மணிக்கு டீக்குப் போனால் அவர் நாற்காலியில் இருக்கமாட்டார். கோப்பு எடுக்கப் போயிருப்பார். இரண்டு வாரம் இப்படியே நடந்தது. ஒரு நாள் படிக்கட்டில் நேருக்கு நேர் மாட்டிக்கொண்டார்.

"அவசரப்பட்டு ஒங்களக் கூப்ட்டுட்டேன் ஃபாதர்" என்றார். "சாவப்போறோம்னு நெனச்சு எல்லாத்தையும் சொல்லிட்டேன். இப்ப ஒங்க மூஞ்சியப் பாத்தா ஒரு மாதிரி இருக்கு."

"எனக்கு எதுவும் ஞாபகம் இல்ல."

"பொய் சொல்லாதீங்க."

"சொல்லக் கூடாதுன்னு சட்டம். ஞாபகம் வெச்சுக்கக் கூடாதுன்னும் வெச்சுக்குங்க."

அவர் கைப்பிடியைப் பிடித்தபடி யோசித்தார். "அந்த சாமியாரு லேட்டா வந்தது மட்டும் இன்னும் தப்புதான்" என்றார்.

"தப்புதான்" என்றேன். அதுவரை நான் அதை ஒத்துக்கொண்டதே இல்லை. மறுநாள் டீக்கு இருந்தார்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை சிதம்பரம் போய்க் காட்டிக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு முறையும் போகும் வழியெல்லாம் பேருந்தில் 'ஆ' என்று மெல்லச் சொல்லிப் பார்ப்பேன்; காட்டிவிட்டு அக்கா வீட்டில் சாப்பிட்டுத் திரும்புவேன். 2012 ஜூனில் மருத்துவர் கோப்பை மூடிவிட்டு, "இனிமே வர வேண்டாம். கம்மல் மூணு வாரத்துக்கு மேல நீடிச்சா மட்டும் வாங்க" என்றார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இனி யார் பார்த்துச் சொல்வார்கள் என்றுதான் தோன்றியது. "ஒரு வருஷத்துக்கு ஒரு தடவையாவது வரட்டுமா?" என்று கேட்டேன். அவர் முதல்முறையாகச் சிரித்தார். வேண்டாம் என்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு சளிக்கும் நாள் எண்ணுகிறேன். இதை எழுதும்போதும் வெளியே மழை, எனக்கு லேசான கம்மல். இன்று ஒன்பதாம் நாள். நாளைக் காலை முதல் மணி நேரம் வகுப்பு இருக்கிறது. திருமுழுக்கைப் பற்றி ஆரம்பிக்க வேண்டும்.